2003 எஸ்டீம்: இடது கதவுக் கண்ணாடி ஸ்விட்சும் லைட் லீவரும் எங்கே கிடைக்கும்?

சாம்பல்எஸ்டீம்

வணக்கம். அப்பா ஓட்டிய 2003 மாருதி சுசுகி எஸ்டீம் விஎக்ஸ்ஐ கார் இப்போது என் கையில். 1,34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. தொல்லையெல்லாம் விரல் படுகிற இடங்களில்தான்.

முதலாவது, இடது முன் கதவுக் கண்ணாடி. இறங்கும், ஏறாது. போன வாரம் வந்தவாசி போகும்போது ஒருவரிடம் வழி கேட்க இறக்கினேன். வீடு வரும்வரை மழை முழுவதும் மனைவி மடியில். இப்போது உரச்சாக்கின் உள்பையைக் கிழித்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, ஸ்டீயரிங்கில் இருக்கும் லைட் லீவர். வேகத்தடையில் ஏறி இறங்கினால் லோ பீம் அணைந்து எரிகிறது. ஒரு தடவை பிளாஸ்டிக் கருகும் வாசனையும் வந்தது.

மூன்றாவதற்கு அவசரமில்லை. டிரைவர் கதவில் பின் வலது கண்ணாடிக்கான பொத்தானின் மூடி உடைந்துவிட்டது. அப்பா அந்த ஓட்டையில் ஒரு தீக்குச்சியைச் சொருகி வைத்திருக்கிறார். பல வருடமாக அந்தக் குச்சிதான் பொத்தான்.

ஸ்பேர்ஸ் கவுண்டரில் சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேட்டேன். இருப்பும் இல்லை, ஆர்டரும் போட முடியாது என்றார்கள். ஆன்லைனில் 850 ரூபாய்க்கு இடது கதவு ஸ்விட்ச் ஒன்று வாங்கி மாட்டினேன். அதே கதைதான், இறங்குது, ஏறல. டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா? சென்னையில் நல்ல பழைய ஸ்விட்ச் எங்கே கிடைக்கும்?

புதுப்பேட்டைவாசி

புதுசு வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு, கழட்டினது வேண்டுமென்றால் புதுப்பேட்டை. இரண்டுக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான். ஆனால் பேச்சு முறை வேறு.

ஜி.பி. ரோட்டில் பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். சுசுகி நம்பரில் முதல் ஐந்து இலக்கம் என்ன பொருள் என்பதைச் சொல்லும், அடுத்த மூன்று எழுத்து எந்த மாடல் என்பதைச் சொல்லும். டிரைவர் கதவில் எல்லாக் கண்ணாடிக்கும் இருக்கும் மாஸ்டர் ஸ்விட்ச் என்றால் 37990 என்று ஆரம்பிக்கும். முதல் ஐந்து ஒத்துப்போனதும் "இதான் சார், எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நடு மூன்று எழுத்தைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

புதுப்பேட்டையில் நம்பர் செல்லாது, கண்தான் செல்லும். பழைய ஸ்விட்சைக் கையில் கொண்டுபோங்கள். வெறும் போட்டோ போதாது. முகம் ஒன்றாக இருந்தாலும் பின்னால் கப்ளரில் (வயர்களைச் சொருகும் இணைப்பில்) ஊசி எண்ணிக்கை மாறும், ஊசி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் பூட்டும் கொக்கி வேறு பக்கம் இருக்கும். ஸ்விட்சை மட்டும் வாங்காமல், கப்ளரோடு ஒரு சாண் வயரும் சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். இருபது வருடக் கப்ளர் கழற்றும்போது உடைவது சகஜம். ஒரிஜினல் என்று மூன்று தடவை சொல்கிற கடையை விட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். கழட்டின பார்ட் விற்பவன் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே.

டெஸ்ட்லேம்ப்

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு கேள்வி. டிரைவர் பக்கத்து மாஸ்டர் ஸ்விட்சிலிருந்து அதே இடது கண்ணாடியை இயக்கினால் என்ன ஆகிறது?

சாம்பல்எஸ்டீம்

அங்கிருந்தும் அப்படியே. இறங்கும், ஏறாது.

கொங்குக்காற்று

அப்போ மோட்டார்தான். அல்லது கண்ணாடி ஓடுகிற சேனல் ரப்பர் இறுகியிருக்கும். இறங்கும்போது எடை உதவுகிறது, ஏறும்போது முடியவில்லை. சிலிகான் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் வாருங்கள், அந்தப் பழைய ஸ்விட்சையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு யுனிவர்சல் ஸ்விட்ச் போட்டுத் தருவார்கள். இதற்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை.

டெஸ்ட்லேம்ப்

ரப்பராக இருந்தால் மோட்டார் முக்கும், பாதி ஏறி நிற்கும், டோம் லைட் மங்கும். சாம்பல்எஸ்டீம், ஏற்றும் பக்கம் அழுத்தினால் ஏதாவது சத்தம் வருகிறதா?

சாம்பல்எஸ்டீம்

ஒரு சத்தமும் இல்லை. செத்த மாதிரி.

டெஸ்ட்லேம்ப்

சரி, அப்படியானால் கேளுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இந்தக் காலத்துப் பவர் விண்டோக்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி வேலை செய்கின்றன. யாரும் அழுத்தாமல் இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் எர்த்தில் (கார் பாடி வழியாகப் பேட்டரி மைனஸில்) உட்கார்ந்திருக்கும். ஏற்றும் பக்கம் அழுத்தினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு பிளஸுக்குத் தாவும், மற்றது எர்த்திலேயே இருக்கும். இறக்கும்போது எதிர்மாறாக.

இப்போது முக்கியமான இடம். இடது கதவு ஸ்விட்சுக்கென்று தனி எர்த் கிடையாது. அதன் இரண்டு லைனும் மாஸ்டர் ஸ்விட்சுக்குப் போய், அங்கே சும்மா இருக்கும் பாயிண்டுகள் (உள்ளே தகடுகள் தொடும் முனைகள்) வழியாகத்தான் எர்த்தைத் தொடுகின்றன. அதாவது இடது கதவில் உட்கார்ந்து நீங்கள் பொத்தானை அழுத்தினாலும் கரண்ட் திரும்பிப் போகும் வழி டிரைவர் கதவு வழியாகத்தான். அந்த இரண்டில் ஒரு பாயிண்ட் கருகினால் என்ன ஆகும்? கண்ணாடி ஒரு திசையில் மட்டும் ஓடும். எந்த ஸ்விட்சை அழுத்தினாலும் அதே திசையில் மட்டும். நீங்கள் சொன்னது அப்படியே இதுதான்.

ஆகவே அந்த 850 ரூபாய் ஸ்விட்ச் நல்ல ஸ்விட்சாகவே இருக்கலாம். விற்றவரைத் திட்ட வேண்டாம்.

சோதிக்கும் முறை: மல்டிமீட்டரை நம்பாதீர்கள், அது ஒரு பொட்டு உலோகம் தொட்டாலே சரி என்று சொல்லிவிடும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்ற வைத்துக்கொள்ளுங்கள். இடது கதவு ஸ்விட்சைக் கப்ளரிலிருந்து கழற்றுங்கள். பல்பின் ஒரு முனை பேட்டரி பிளஸில். மறு முனையால் மாஸ்டரிலிருந்து வரும் இரண்டு லைன்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் பளிச்சென்று எரிய வேண்டும். ஒன்றில் எரியவில்லை என்றால் அந்த லைனுக்கு எர்த் இல்லை.

அப்புறம் அதே நிற வயரை மாஸ்டர் ஸ்விட்சின் முதுகில், கப்ளர் மாட்டியபடியே தொடுங்கள். அங்கே எரிகிறது என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. கதவுக்கும் அது தொங்கும் தூணுக்கும் (பில்லருக்கும்) இடையில் மடிந்து மடிந்து நீளும் ரப்பர் குழாயைப் பிரித்துப் பாருங்கள், பாதி கார்களில் அங்கேதான் அறும். அங்கேயும் எரியவில்லை என்றால் மாஸ்டரின் பாயிண்ட்தான்.

யுனிவர்சல் ஸ்விட்சைப் பற்றி: போடலாம். ஆனால் டோர் பேடில் (கதவின் உள்பக்க உறையில்) புதிதாக ஒரு ஓட்டை போட்டால் அது போட்டதுதான். ஸ்விட்சாவது தேடினால் கிடைக்கும், ஓட்டையில்லாத எஸ்டீம் டோர் பேடுக்கு எங்கே போவீர்கள்?

கொங்குக்காற்று

இறங்குவது மட்டும் வேலை செய்தால் மோட்டார் நல்ல மோட்டார் என்பது சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பல்பு பிடித்துக்கொண்டு உட்கார நேரம் இருக்காது. டோர் பேடில் ஓட்டை இருந்தால் என்ன, குடியா முழுகிப்போகும்?

யாழ்மொரிஸ்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. கொழும்பில் இதற்கு இடம் பஞ்சிகாவத்தை. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பாகங்கள் அங்கே குவிந்து கிடக்கும். எங்களுக்கும் வலது பக்க ஸ்டீயரிங் என்பதால் மாஸ்டர் ஸ்விட்ச் பக்கம் மாறாது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ தேடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் திரும்பிய ஸ்விட்ச்தான் வந்து சேரும்.

இன்னொரு பொறி பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் சுசுகி எஸ்டீம் என்று விற்ற கார் உங்கள் எஸ்டீம் இல்லை. அது இந்தியாவில் பலேனோ என்ற பெயரில் வந்த பழைய செடான். உங்கள் காருக்கு வெளியில் பெயர் கல்டஸ், பல நாடுகளில் ஸ்விஃப்ட். ஸ்விஃப்ட் என்று தேடினால் 2005க்குப் பிறகு வந்த புது ஸ்விஃப்ட்தான் பக்கம் பக்கமாக வரும். ஆகையால் கல்டஸ், அதுவும் 1990களின் முதல் பாதி என்று ஆண்டு போட்டுத் தேடுங்கள். அப்படியும் படத்தை வைத்து ஒப்பிடாமல் வாங்க வேண்டாம், இந்தியாவில் உள்பக்கத்தை நடுவில் மாற்றியிருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது மொரிஸ் மைனர். 1970களின் தொடக்கத்திலேயே தயாரிப்பு நின்றுபோன கார். ஆனால் அதன் ஸ்விட்ச்களை இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 2003 காருக்கு நீங்கள் அலைவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 90களில் பெட்ரோல் வராத காலத்தில் இங்கே கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு பீச்சு பெட்ரோல். அந்தக் கார்களில் சில இன்னும் ஓடுகின்றன.

அம்பாசடர்காரன்

மொரிஸ் மைனர் பெயர் வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். எங்கள் பழைய அம்பாசடரில் டிம்-டிப் ஸ்விட்ச் தரையில், இடது கால் பக்கத்தில். காலால் மிதித்தால் டிம், இன்னொரு மிதி பிரைட். கவர் இல்லை, மூடி இல்லை, தீக்குச்சி தேவையில்லை. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்தால் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். கழற்றி, பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலைன் தடவி மாட்டினால் இன்னும் நாலு வருடம்.

ரிலே87

எல்லாரும் கண்ணாடியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கருகல் வாசனைதான் கவலை. கண்ணாடி ஏறாவிட்டால் நனைவோம், லைட் லீவர் கருகினால் இரவு நெடுஞ்சாலையில் இருட்டில் நிற்போம்.

சாம்பல்எஸ்டீம், ஹெட்லைட்டில் என்ன பல்பு? கழற்றி அதன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சாம்பல்எஸ்டீம்

பார்த்தேன். 100/90 என்று இருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். "எதிர்ல வர்றவன் போடுறான், நாமளும் போடணும்ல" என்றார்.

ரிலே87

அதேதான். கணக்கைப் பாருங்கள்.

கம்பெனி போட்டது எச்4 ரக பல்பு, 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. லோ பீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 110 வாட், 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். உங்கள் பல்பில் 180 வாட், அதாவது 15 ஆம்பியர். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இல்லாத காரில் இது முழுவதும் உங்கள் விரலுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னப் பித்தளைப் பாயிண்ட் வழியாகத்தான் போகிறது. பாயிண்டில் அழுக்கால் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 9 ஆம்பியரில் அந்த இடத்தில் 8 வாட் சூடு. 15 ஆம்பியரில் 22 வாட்டுக்கு மேல். கடையில் 25 வாட் சோல்டரிங் அயர்ன் என்று கேட்டு வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதைக் கொண்டுபோய் ஸ்டீயரிங் கவருக்குள் வைத்த மாதிரி. பிளாஸ்டிக் உருகும், பாயிண்ட் உள்ளே சாயும், குதித்தால் விட்டு விட்டு எரியும்.

இந்த நிலையில் புது லீவர் வாங்கி மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். முதலில் பல்பை 60/55க்கு மாற்றுங்கள். அடுத்து இரண்டு ரிலே, லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் 30க்கு. 87இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் கப்ளரில் வரும் கரண்ட் 86க்கு. 85 எர்த்துக்கு. இப்போது லீவர் வழியாகப் போவது ரிலேயின் சுருளுக்கு மட்டும், ஒன்றுக்குக் கால் ஆம்பியர்கூட வராது. கடைகளில் கப்ளரோடு தயாராகவே ஹெட்லைட் ரிலே கிட் கிடைக்கிறது, அதை வாங்கினால் ஒரு வயரையும் வெட்ட வேண்டாம்.

இதைச் செய்தபின் 60/55 பல்பே பழைய 100/90ஐ விட அதிகம் குறைந்ததாகத் தெரியாது. ஏனென்றால் இவ்வளவு நாள் பல்புக்கு 12 வோல்ட் போய்ச் சேரவே இல்லை.

கொங்குக்காற்று

இது நல்ல பதிவு. என் ஜென் காருக்கும் இந்த வாரமே போடுகிறேன்.

சாம்பல்எஸ்டீம்

இரண்டு ஞாயிறு போனது. நடந்ததைச் சொல்கிறேன்.

பல்பு வைத்துப் பார்த்தேன். ஒரு லைனில் பளிச், மறு லைனில் ஒன்றுமே இல்லை. மாஸ்டர் முதுகிலும் அதே. ரப்பர் குழாயில் வயர் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆக டெஸ்ட்லேம்ப் சொன்னதுதான். கண்ணாடி ஏறாததற்குக் காரணம் நான் தொடாத கதவில் இருந்தது.

அதற்குள் புதுப்பேட்டைக்கும் போய்வந்தேன். எஸ்டீம் மாஸ்டர் ஸ்விட்ச் என்று ஏழு கடையில் கேட்டேன். ஒரு கடையில் ஒரு சாக்குப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, தேடி எடுத்துக்கொள் என்றார்கள். முக்கால் மணி நேரம் கிளறியதில் என்னுடைய அதே கப்ளர், அதே கொக்கி உள்ள ஒன்று கிடைத்தது. 600 சொன்னார், 350க்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதில் இடது முன் கண்ணாடி ஏறுகிறது, பின் வலது கண்ணாடி இரண்டு திசையிலும் வேலை செய்யவில்லை. சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் யோசனை வந்தது. கையில் இரண்டு ஸ்விட்ச் இருக்கிறது, ஒன்று கெட்டால் கெடட்டும் என்று பழையதைப் பிரித்தேன்.

டெஸ்ட்லேம்ப்

ஸ்பிரிங் பறந்ததா?

சாம்பல்எஸ்டீம்

பறந்தது. சோபாவுக்கு அடியில் ஒன்றைப் பிடித்தேன், இன்னொன்று மறுநாள் பெருக்கும்போது கிடைத்தது. மனைவி அதன்பிறகு ஒரு யோசனை சொன்னார்: பெரிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுப் பிரிக்க வேண்டியதுதானே என்று. இனிமேல் அப்படித்தான்.

உள்ளே ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு பித்தளைத் தகடு, சீசா மாதிரி ஆடுகிறது. இடது முன் பொத்தானில் ஒரு தகட்டின் எர்த் பக்க நுனி அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. உப்புத்தாள் போடப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். மேலே வெள்ளிப் பூச்சு இருக்கும், பரபரவென்று தேய்த்தால் அது போய்விடும், பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து கான்டாக்ட் கிளீனர் அடி என்றார். பத்து நிமிடம் தேய்த்ததில் பளபளப்பு வந்தது. கிரீஸைத் தேயும் பிளாஸ்டிக் குமிழில் மட்டும் துளி வைத்தேன், பாயிண்டில் வைக்கவில்லை.

புதுப்பேட்டை ஸ்விட்சிலிருந்து பின் வலது பொத்தானின் மூடியைக் கழற்றி இதில் மாட்டினேன். இப்போது நான்கு கண்ணாடியும் ஏறுகின்றன, நான்கும் இறங்குகின்றன. தீக்குச்சிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அப்பா மட்டும் பழக்க தோஷத்தில் அந்தப் பொத்தானை நகத்தால் குத்துகிறார்.

லைட்: பல்பு மாற்றி ரிலே கிட்டும் போட்டாயிற்று. லீவரைத் திறந்து பார்த்தபோது பாயிண்ட் தாங்கும் பிளாஸ்டிக் ஒரு பக்கம் உருகிச் சாய்ந்திருந்தது. தேய்த்துச் சரிசெய்கிற நிலை தாண்டிவிட்டது. ரிலே போட்டபின் வாசனையும் இல்லை, சூடும் இல்லை, ஆனால் குதித்தால் லைட் இன்னும் ஒரு தடவை சிமிட்டுகிறது. அதனால் நல்ல லீவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புதுப்பேட்டைவாசி

லீவர் கிடைத்தால் வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். வைப்பர் பக்கமும் லைட் பக்கமும் சேர்ந்த முழு செட்டாக வாங்குங்கள். லைட் பக்கம் கருகிய செட்டாக இருக்கும், வைப்பர் பக்கத்தைக் காட்டி விற்பார்கள். பின்பக்க வயர்களை மோந்து பாருங்கள், கருகியதன் வாசனை எத்தனை வருடம் ஆனாலும் போகாது. வயர் உறை விறைப்பாக, நிறம் மங்கிப் பழுப்பாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரிலே87

ஏர்பேக் உள்ள கார்களில் லீவர் மாற்ற நினைக்கிறவர்களுக்கு: பேட்டரி மைனஸைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஸ்டீயரிங் பக்கம் கை வைக்க வேண்டும். இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

யாழ்மொரிஸ்

பொத்தான் மூடி மட்டும் உடைந்தவர்கள் முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம். இங்கே ஒரு தம்பி செய்து தந்தான். முதலில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அடித்தான், வெயிலில் நிறுத்திய காரில் ஒரே வாரத்தில் கோணிவிட்டது. அது 60 பாகை அளவிலேயே இளகிவிடும். பிறகு ஏ.பி.எஸ்.ஸில் அடித்தது இன்னும் நன்றாக இருக்கிறது.

நீலவேகன்

புதிதாக வந்திருக்கிறேன். இழை முழுவதும் படித்தேன். எனக்கும் பவர் விண்டோ பிரச்சினைதான். பின் கதவு இரண்டிலும், அந்தக் கதவில் இருக்கும் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டிரைவர் பக்கத்திலிருந்து அழுத்தினால் இரண்டும் சரியாக ஓடுகின்றன. மாஸ்டரைப் பிரிக்க வேண்டுமா, பின் ஸ்விட்ச் இரண்டும் வாங்க வேண்டுமா? பாலிதீன் பை தயாராக இருக்கிறது.

டெஸ்ட்லேம்ப்

பையை மடித்து வையுங்கள். மாஸ்டர் பேனலில் கண்ணாடி லாக் பொத்தான் ஒன்று இருக்கும். அது அழுத்தியிருக்கிறதா பாருங்கள்.

நீலவேகன்

அழுத்தித்தான் இருந்தது. தீபாவளிக்கு அக்கா பிள்ளைகள் வந்தபோது நானேதான் அழுத்தினேன்.